ஜவ்வாது மலை: கிராவல் சைக்கிளுக்கு இரண்டு நாள் வழி சொல்லுங்கள்

இரண்டுசக்கரம் (சென்னை)

வணக்கம். ஜனவரி கடைசியில் ஒரு சனி ஞாயிறு, மூன்று பேர் ஜவ்வாது மலைக்கு கிராவல் சைக்கிளில் (மண் ரோட்டிலும் ஓட்டக்கூடிய அகல டயர் சைக்கிள்) போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஏலகிரி பழகிவிட்டது, அங்கே அடியிலிருந்து உச்சி வரை தார்தான். இந்த முறை மண் ரோடு, கப்பி ரோடு (ஜல்லி போட்டு, தார் போடாத ரோடு) எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும் வேண்டும். ஒரு நாளைக்கு 60 கி.மீ. போதும், ஏற்றம் 1,000 மீட்டருக்குள் இருந்தால் நல்லது.

வரைவு இப்படி: முதல் நாள் ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், அங்கேயே தங்கல். இரண்டாம் நாள் அமிர்திப் பக்கம் இறங்கி வேலூர். செயற்கைக்கோள் படத்தில் காட்டுக்குள் மெல்லிய கோடுகள் நிறையத் தெரிகின்றன. அதில் எதெல்லாம் சைக்கிள் போகும்? இரண்டு வண்டியில் 38 மி.மீ. டயர், ஒன்றில் 40. போனவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றுமணல் (வாணியம்பாடி)

தம்பி, உங்கள் முதல் நாளில் மண் ரோடே இல்லை. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை பஸ் ஓடும் தார் ரோடு. ஓட்ட இனிமையான ஏற்றம்தான், இரு பக்கமும் காடு, காலையில் வெயிலே தெரியாது. ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே.

ஜவ்வாது மலையை ஏறி இறங்கும் ஒரே மலையாக நினைத்தால் வழி போடுவது கஷ்டம். மேலே போனதும் அது மேடும் பள்ளமுமாக உடைந்து கிடக்கும் ஒரு பெரிய தளம். நடுவில் ஓடைகள், சாமை வயல்கள், பத்து வீடு இருபது வீடாகச் சிதறிக் கிடக்கும் ஊர்கள். தார் ரோடு முக்கியமான ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும். அதிலிருந்து குக்கிராமங்களுக்குப் பிரியும் கிளைகள்தான் உங்களுக்கு வேண்டிய கப்பி ரோடுகள். சில மூன்று கி.மீ., சில எட்டு கி.மீ. கடைசி வீட்டு வாசலில் முடிந்துவிடும் கிளைகள்தான் அதிகம். போன வழியே திரும்பி வர வெட்கப்படக் கூடாது.

அதனால் என் யோசனை: ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்குவதை மறந்துவிடுங்கள். ஜமுனாமரத்தூரில் மூட்டையை இறக்கிவிட்டு, அங்கிருந்து நாலா பக்கமும் கிளைகளில் போய் வாருங்கள். பை இல்லாத சைக்கிளில் கப்பி ரோடு ஏறுவது தனிச் சுகம்.

கூப்புவழி (கிருஷ்ணகிரி)

பெரியவர் பாதுகாப்பான வழியைச் சொல்கிறார். ஆனால் உண்மையான கிராவல் அந்த மெல்லிய கோடுகளில்தான் இருக்கிறது. மரம் வெட்டிய காலத்தில் லாரி போக வனத்துறையே போட்ட கூப்பு ரோடுகள் அவை. சரிவு நிதானமாக இருக்கும், தரை கெட்டியாக இருக்கும், வண்டியே வராது. அதிகாலையில் நுழைந்து பத்து மணிக்குள் வெளியே வந்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கார் ஓட்டுகிறவன் போகும் ரோட்டிலேயே போவதற்கு எதற்கு கிராவல் சைக்கிள்?

வேலூர்வெயில் (வேலூர்)

கூப்புவழி, நீங்கள் சொல்வதைக் கேட்டு இந்தத் தம்பிகள் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள். அந்தக் கோடுகளில் பாதிக்கு மேல் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே போவது 1882ஆம் வருடத்து தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். இது பழைய ஏட்டுச்சுரைக்காய் இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. அதன் பிறகு எல்லா வனக்கோட்டத்திலும் பிடி இறுகியிருக்கிறது.

ஜவ்வாது மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலை ஒன்று, மாவட்டம் மூன்று. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். காவலூர், புதூர்நாடு எல்லாம் திருப்பத்தூர் மாவட்டம். பீஞ்சமந்தை பக்கம் வேலூர் மாவட்டம். ஒரு வனச்சரகர் வாய்வார்த்தையாகச் சரி என்றாலும், அடுத்த ஓடையைத் தாண்டினால் அது வேறொருவரின் எல்லை. இது சந்தன மரத்துக்குப் பேர் போன மலை வேறு. விடியற்காலையில் முதுகுப்பையோடு காட்டுக்குள் திரியும் மூன்று அந்நியர்களைப் பார்த்தால் வனக்காவலர் என்ன நினைப்பார் என்று நீங்களே யோசியுங்கள்.

கூப்புவழி

ஊர்க்காரர்கள் ஆடு மாடு ஓட்டிக்கொண்டு தினமும் அதே பாதையில் போகிறார்கள். சைக்கிள் ஆட்டை விடக் காட்டைக் கெடுத்துவிடுமா?

வேலூர்வெயில்

அவர்களுக்கு 2006ஆம் வருடத்து வன உரிமைச் சட்டம் இருக்கிறது. மேய்ச்சலும் தேனும் கடுக்காயும் அவர்கள் உரிமை. அது நமக்கு இல்லை. இதற்கு மேல் இதில் வாதம் செய்ய ஒன்றுமில்லை.

காட்டுக்குள்தான் போக வேண்டும் என்றால் 2024இல் தொடங்கிய அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இருக்கிறது, மாநிலம் முழுக்க 40 பாதைகள், ஆன்லைனில் பதிவு. ஆனால் அது நடப்பவர்களுக்கு. சைக்கிளுக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை. கேட்க வேண்டிய விஷயம்தான், கேட்போம். அதுவரை ஊர் ரோடுகள் போதும்.

இரண்டாம் நாளைப் பற்றி: ஜமுனாமரத்தூர் – அமிர்தி ரோடு காப்புக்காட்டின் ஊடே போனாலும் பொது ரோடு. பகலில் தாராளமாக வரலாம். ரோட்டை விட்டு இறங்காதீர்கள், சாயங்காலத்துக்குள் அமிர்தி வந்துவிடுங்கள். கரடி நடமாடும் பகுதி. இருட்டியதும் மோட்டார் சைக்கிள்காரர்களே யோசிப்பார்கள். அமிர்தியிலிருந்து கணியம்பாடி வந்து வேலூர் ரோட்டைப் பிடித்தால் காட்பாடி ஸ்டேஷன் வரை தார்.

கப்பிவண்டி (ஓசூர்)

சட்டம் முடிந்ததா? டயருக்கு வருவோம்.

38 மி.மீ. மண் ரோட்டுக்குப் போதும். ஜவ்வாது மலையின் கப்பி ரோட்டுக்குக் கொஞ்சம் பத்தாது. காரணம், அங்கே பல இடங்களில் ஜல்லி கொட்டி உருளை ஓட்டியதோடு வேலை நின்றிருக்கும். மேலே போட்ட மண் இரண்டு மழையில் கழுவிப் போய்விட, முட்டி முட்டியாக 40 மி.மீ. ஜல்லி மட்டும் மிஞ்சும். அதில் காற்று அதிகம் வைத்தால் சைக்கிள் துள்ளும், குறைத்தால் ரிம்மில் அடி விழும். ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத டயர்) என்றால் 70 கிலோ ஆளுக்கு 40 மி.மீ. டயரில் 30இலிருந்து 35 பிஎஸ்ஐ. ட்யூப் போட்டிருந்தால் 45க்குக் கீழே இறங்க வேண்டாம், பாம்புக்கடி பஞ்சர் (ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழுவது) நிச்சயம். ஃபிரேமில் இடம் இருந்தால் மூவருமே 42 அல்லது 45 போடுங்கள். சேற்றுக்கு இரு பக்கமும் நாலைந்து மி.மீ. இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும், அது முக்கியம்.

முள் இன்னொரு தொல்லை. காட்டு முள்ளை விட, வயல் வேலிக்கு வெட்டிப் போட்ட முள்தான் ரோட்டில் சிதறிக் கிடக்கும். டயருக்குள் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் ஊற்றி ஆறு மாதம் ஆகியிருந்தால் காய்ந்திருக்கும், கிளம்பும் முன் புதிதாக ஊற்றுங்கள். டயர் பிளக் செட் ஒன்று, ட்யூப் ஆளுக்கு இரண்டு. மலையில் மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடைகள் உண்டு, நம் சைக்கிள்களின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அங்கே காற்று ஏறாது. அதற்கான சின்ன அடாப்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கியர் விஷயத்தில் தாராளமாக இருங்கள். முன்னால் 40, பின்னால் 42 பல் இருந்தால் ஓடையிலிருந்து ஊருக்கு ஏறும் குட்டிச் சரிவுகளில் தப்பிப்பீர்கள். அவை நீளம் 200 மீட்டர்தான், ஆனால் சுவர். முன்னால் 34, பின்னால் 28 வைத்துக்கொண்டு வருகிறவர்கள் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். தள்ளுவதில் தப்பில்லை, ஆனால் பெடலில் மாட்டும் கிளீட் ஷூ போட்டுக்கொண்டு ஜல்லியில் தள்ளுவது மகா வேதனை. அடியில் ரப்பர் பல் வைத்த மலை ஷூ போடுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொட்டால் ஜல்லி உங்களைக் கீழே படுக்க வைத்துவிடும்.

இரண்டுசக்கரம்

நன்றி அண்ணா, அக்கா, எல்லாருக்கும். காட்டுக் கோடுகளை அழித்துவிட்டேன். ஜமுனாமரத்தூரில் தங்கிக் கிளைகளில் போவது என்று முடிவு. எந்தக் கிளை இன்னும் மண் ரோடாக இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு ஆப்பில் மண் ரோடு என்று காட்டுவதை இன்னொன்றில் நெடுஞ்சாலை அளவுக்குக் காட்டுகிறது. மற்ற சைக்கிள்காரர்கள் போன வழிகளைக் காட்டும் ஸ்ட்ராவா ஹீட்மேப்பில் அந்தப் பக்கம் கிட்டத்தட்ட இருட்டுதான்.

புதூர்நாட்டான் (திருப்பத்தூர்)

நான் மலைக்காரன். பிறந்தது புதூர்நாட்டுப் பக்கம், வேலைக்காகக் கீழே இருக்கிறேன். சைக்கிள் ஆர்வம் பையனால் வந்தது. இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன், ஒன்று சொல்லலாமா?

நீங்கள் தேடித் தேடிக் கேட்கும் ரோட்டை மாற்றித் தரச் சொல்லித்தான் எங்கள் ஊர்களில் மனு எழுதுகிறோம். பஸ் வராத ஊரில் பிரசவ வலி வந்தால் இந்தக் கப்பி ரோட்டில்தான் மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்துக் கூட்டி வர வேண்டும். 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்ததும், உடலைத் தாய் சுமந்து நடந்ததும் பேப்பரில் வந்ததே, நினைவிருக்கும். அது இதே மலைத்தொடர். அதனால் யாராவது ‘ஐயோ, இங்கேயும் தார் போட்டுவிட்டார்களே’ என்று எழுதும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். வராதீர்கள் என்று சொல்லவில்லை. வாருங்கள். எங்கள் ரோட்டைப் பற்றி எழுதும்போது அங்கே ஆள் வாழ்கிறான் என்று தெரிகிற மாதிரி எழுதுங்கள், அவ்வளவுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு. எந்த ஆப்பையும் நம்ப வேண்டாம். ரோடு வேலை நடக்கும் வேகத்துக்கு எந்த மேப்பும் ஈடு கொடுக்காது. ஜமுனாமரத்தூரில் காலையில் டீக்கடையில் பத்து நிமிடம் நில்லுங்கள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்கள் டீ குடிக்க வருவார்கள். எந்த ஊருக்கு வண்டி ஏறாது என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் அலுத்துக்கொண்டு சொல்லும் ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டால் அதுதான் உங்கள் வழி.

பாலாற்றுமணல்

புதூர்நாட்டார் சொன்னது நூற்றுக்கு நூறு. நானும் லோடு ஆட்டோக்காரர்களிடம்தான் கேட்பேன். கூடவே, திரும்பும் இடத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லி ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். பட்டு, பட்டு என்று முடியும் ஊர்கள் அங்கே ஏராளம். மேல்பட்டு, நம்மியம்பட்டு என்று காதில் விழும்போது குழப்பம் வரும்.

கூப்புவழி

புதூர்நாட்டார் ஐயா, தார் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஊருக்கு ரோடு வரட்டும், ஆம்புலன்ஸ் வரட்டும். அதனால்தான் ஊர் ரோட்டை விட்டுவிட்டு ஆள் இல்லாத காட்டுப் பாதையைச் சொன்னேன். ஊருக்குள் மூன்று பேர் கலர் கலராகச் சட்டை போட்டுக்கொண்டு போய் வேடிக்கை பார்ப்பதை விட அது மேல் இல்லையா?

புதூர்நாட்டான்

வேடிக்கை பார்ப்பது எங்களுக்கும் பொழுதுபோக்குதான் தம்பி, அதில் கோபம் இல்லை. நீங்கள் எங்களைப் பார்ப்பதை விட நாங்கள் உங்களை அதிகம் பார்ப்போம். ஆனால் காட்டில் நீங்கள் விழுந்தால் தேடி வர வேண்டியதும் நாங்கள்தான். ஊர் ரோட்டில் விழுந்தால் ஒரு சத்தத்துக்கு ஆள் வந்துவிடும்.

இன்னும் சில விஷயம். ஜனவரியில் அறுவடை முடிந்து சாமை, கொள்ளு எல்லாம் களத்துக்கு வரும் நேரம். களம் இல்லாதவர்கள் தார் ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள், வண்டி ஏறினால் தாளிலிருந்து மணி உதிரும் என்று. லாரி டயர் ஏறலாம், சைக்கிள் ஏறினால் வழுக்கும், கொள்ளுத் தாள் செயினில் சுற்றும். இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போங்கள். பாட்டிகள் ‘ஏறிப் போ’ என்பார்கள், கேட்காதீர்கள். பிப்ரவரி தாண்டினால் புளி உலுக்குவார்கள், மரத்தடியில் நிற்கும்போது மேலே ஒருமுறை பாருங்கள்.

வளைவில் பெல் அடியுங்கள். நியூட்ரலில் சத்தமில்லாமல் இறங்கும் மோட்டார் சைக்கிள்கள் வரும்.

கப்பிவண்டி

கொள்ளுத் தாள் டீரெய்லரில் (பின்னால் கியர் மாற்றும் கருவி) சிக்கி, அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்ததை நேரில் பார்த்தேன், அதனால் அடிக்கோடு போடுகிறேன். உதிரி ஹேங்கர் ஒன்று அவரவர் மாடலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றுதான் மலையில் எந்தக் கடையிலும் கிடைக்காத பொருள்.

வேலூர்வெயில்

பார்க்கும் இடங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சைக்கிள்காரர்கள் எல்லாம் டயரையே பார்த்துக்கொண்டு போகிறீர்கள்.

கீழ்சேப்பிளி போய் வாருங்கள். பெருங்கற்காலக் கல்திட்டைகள் அங்கே கூட்டமாக இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்து, பக்கவாட்டுக் கல்லில் வட்டமாகத் துளை விட்டிருப்பார்கள். ஊரில் வாலியர் வீடு என்பார்கள், குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு என்று கதை. தமிழ்நாட்டில் இவ்வளவு நன்றாக நிற்கும் கல்திட்டைகளைப் பார்ப்பது அபூர்வம். மேலே ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், சைக்கிளைச் சாய்த்து வைக்கவும் கூடாது.

பீமன் அருவி ஜமுனாமரத்தூரை ஒட்டியே இருக்கிறது, ஜனவரியில் தண்ணீர் குறையும். கோமுட்டேரியில் படகு, பூங்கா, பஜ்ஜி. எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை.

காவலூரை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். வைணு பாப்பு வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தது, இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பார்கள், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் இரவில் தொலைநோக்கியில் பார்க்கவும் விடுவதுண்டு. ஆனால் அதற்காக நின்றால் இருட்டில் ஜமுனாமரத்தூருக்கு ஓட்ட வேண்டி வரும். ஒன்று காவலூர்ப் பக்கமே தங்க இடம் பாருங்கள், அல்லது பகலில் வளாகத்தைப் பார்த்ததோடு திருப்திப்படுங்கள்.

இரண்டுசக்கரம்

அக்கா, வானாய்வகம் எங்கள் பட்டியலிலேயே இல்லை! பகலில் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம்.

திருத்திய வரைவு: சனி காலை ஆலங்காயத்தில் தொடக்கம், காவலூரில் நிறுத்தம், மதியத்துக்குள் ஜமுனாமரத்தூர். பையை இறக்கிவிட்டு டீக்கடை விசாரணை. மதியம் கீழ்சேப்பிளி, வழியில் கிடைக்கும் கிளைகள். ஞாயிறு காலை இன்னும் இரண்டு கிளைகள், பத்து மணிக்கு அமிர்தி இறக்கம். சரியா?

ரயிலில் சைக்கிளை எப்படிக் கொண்டு வருவது என்றும் சொல்லுங்கள்.

பாலாற்றுமணல்

வரைவு சரி. ஞாயிறு காலைக் கிளைகளை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கப்பி ரோட்டில் மணிக்கு 10 கி.மீ. வந்தால் பெரிய விஷயம், தார் கணக்கில் நேரம் போடாதீர்கள்.

ரயிலுக்கு: சென்னை சென்ட்ரலிலிருந்து மாலையில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் உங்களுக்குத் தோது. அது ஜோலார்பேட்டையோடு முடியும் வண்டி. அதனால் சைக்கிளை இறக்க அவசரமே இருக்காது. நடுவழி ஸ்டேஷன்களில் இரண்டு நிமிடத்தில் பார்சல் பெட்டியைத் திறந்து இறக்குவதற்குள் உயிர் போய்விடும். சென்ட்ரல் பார்சல் ஆபீஸுக்கு டிக்கெட்டோடும் அடையாள அட்டை நகலோடும் இரண்டு மணி நேரம் முன்பே போங்கள். டீரெய்லர் பக்கம் அட்டை சுற்றிக் கட்டுங்கள், ஜிபிஎஸ், விளக்கு, பை எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வந்து சேர இரவு ஆகிவிடும், ஜோலார்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ படுத்துவிட்டு விடிகாலையில் ஆலங்காயம் நோக்கி மிதியுங்கள்.

திரும்புவதுதான் தலைவலி. காட்பாடியில் வண்டி நிற்பது சில நிமிடங்கள், பார்சலில் இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். உங்கள் வண்டியிலேயே சைக்கிளும் வரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். சக்கரம் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டு வேலூரிலிருந்து பஸ்ஸில் போவது எனக்குச் சுலபமாகப் பட்டது. கண்டக்டர் முகத்தைப் பொறுத்து லக்கேஜ் டிக்கெட்.

வேலூர்வெயில்

பையில் போடுவது என்றால் அந்தப் பைகளை மலை முழுக்கச் சுமக்க வேண்டுமே. வேலூரில் ஒரு கடையிலோ தெரிந்தவர் வீட்டிலோ முன்கூட்டியே அனுப்பி வைத்தால் உண்டு. தனிச்செய்தி அனுப்புங்கள், நான் வாங்கி வைக்கிறேன்.

புதூர்நாட்டான்

காசு கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜமுனாமரத்தூரைத் தாண்டினால் சிக்னல் போகும் வரும், ஜிபேயை நம்பிச் சாப்பிட உட்காராதீர்கள். மேப்பையும் கிளம்பும் முன்பே இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊர்க் குழாயில் கேட்டுப் பிடித்துக்கொள்ளலாம். சாமைச் சோறு வேண்டுமென்றால் தங்கும் இடத்தில் முதல் நாளே சொல்ல வேண்டும், உடனே கேட்டால் பரோட்டாதான் வரும். இரவில் நன்றாகக் குளிரும், மெல்லிய ஜாக்கெட் போதும் என்று சென்னைக்காரர்கள் நினைப்பது வழக்கம்.

மழை வந்தால் மட்டும் கிளைகளை விட்டுவிடுங்கள். செம்மண் ஈரமானால் சக்கரம் சுற்றாது, குச்சியால் சுரண்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

இரண்டுசக்கரம்

போர்வை, காசு, அடாப்டர், ஹேங்கர் எல்லாம் குறித்துக்கொண்டேன். அக்காவுக்குத் தனிச்செய்தி அனுப்பிவிட்டேன். மூன்றாவது ஆளின் ஃபிரேமில் 42 மி.மீ. டயர் நுழையவில்லை, 40தான் போகிறது, அதுவும் செயின்ஸ்டே (பின்சக்கரத்தின் இரு பக்கமும் வரும் ஃபிரேம் குழாய்) பக்கம் இடுக்காக இருக்கிறது. அப்படியே வரலாமா, வேறு வண்டி கேட்கட்டுமா?

கப்பிவண்டி

மழை இல்லை என்றால் அப்படியே வரட்டும். வானிலையை வெள்ளிக்கிழமை காலை பாருங்கள், மேகம் என்று வந்தால் அவருக்கு மட்டும் 38. அகலத்தை விட இடைவெளி பெரிது.

கூப்புவழி

என் மனசு மாறவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைக் கிளைக்கு நானும் வரலாமா? ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக முந்தின இரவே மேலே வந்துவிடுவேன்.

இரண்டுசக்கரம்

வாங்க ப்ரோ. டீக்கடையில் ஆறு மணி. ஊர் ரோடு மட்டும்.